ஃபோன் இப்போது எந்த நிலையில் இருக்கிறது? – கேள்வி பதில்

பூட்லோடர் (ஆண்ட்ராய்டை ஏற்றிவிடும் நிரல்) திறப்பது, ரோம் (ஃபோனின் இயங்கு மென்பொருள்) மாற்றுவது என்று ஃபோனைக் கணினியில் மாட்டி வேலை பார்ப்பவர்கள் கேட்டவை இவை. ஃபோனில் இந்த நொடி எந்த மென்பொருள் ஓடுகிறது என்று தெரிந்துகொண்டாலே இவற்றில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கேள்வி: சார், யுஎஸ்பி டீபக்கிங் (கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை தர விடும் வசதி) ஆன் செய்துவிட்டேன். கணினியில் ஏடிபி என்ற கட்டளைக் கருவியில் 'ஏடிபி டிவைசஸ்' கொடுத்தால் வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் 'அன்ஆதரைஸ்டு' என்று வருகிறது. கேபிளை மாற்றியும் பயனில்லை.

பதில்: கேபிள் பாவம், அதன்மேல் குற்றமில்லை. வரிசை எண் வருகிறது என்றாலே இணைப்பு சரியாக இருக்கிறது. ஆண்ட்ராய்டு 4.2.2 முதல், புதிய கணினியில் மாட்டும்போது ஃபோன் உங்களிடம் அனுமதி கேட்கும். திரைப் பூட்டைத் திறந்து வைத்திருந்தால்தான் அது கண்ணில் படும். பலரும் ஃபோனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கணினியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அனுமதி கேட்கவே இல்லையென்றால், ஃபோன் செட்டிங்ஸில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பகுதியில் பழைய டீபக்கிங் அனுமதிகளை ரத்துசெய்துவிட்டு, கேபிளைக் கழற்றி மாட்டுங்கள்.

அந்த இடத்தில் 'டிவைஸ்' என்று வந்தால் வேலையைத் தொடங்கலாம். 'ஆஃப்லைன்' என்றால் ஃபோன் தெரிகிறது, பதில் சொல்லவில்லை. 'ஏடிபி கில்-சர்வர்' கொடுத்து மறுபடி தொடங்கிப் பாருங்கள். லினக்ஸில் 'நோ பெர்மிஷன்ஸ்' வந்தால் கணினியின் யூடெவ் விதிகளை (யுஎஸ்பி சாதனத்தை யார் பயன்படுத்தலாம் என்று சொல்பவை) சரிசெய்ய வேண்டும். பட்டியல் காலியாக இருந்தால், டீபக்கிங் ஆனில் இருப்பதை உறுதிசெய்துவிட்டு, அப்புறம் கேபிளையும் டிரைவரையும் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: அண்ணா, ஏடிபி நன்றாக வேலை செய்தது. 'ஏடிபி ரீபூட் பூட்லோடர்' கொடுத்தேன், திரையில் ஃபாஸ்ட்பூட் என்று வந்தது. இப்போது 'ஏடிபி டிவைசஸ்' கொடுத்தால் ஒன்றுமே இல்லை. ஃபோன் செத்துவிட்டதா?

பதில்: இல்லை தம்பி, நன்றாகவே இருக்கிறது. ஏடிபி கட்டளைக்குப் பதில் சொல்வது ஆண்ட்ராய்டுக்குள் ஓடும் ஒரு சிறு நிரல். பூட்லோடருக்குப் போய்விட்டால் ஆண்ட்ராய்டே ஓடவில்லை, பிறகு யார் பதில் சொல்வது? பூட்லோடரோடு பேசும் கருவி ஃபாஸ்ட்பூட், அங்கே 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' என்றுதான் கேட்க வேண்டும். ரெக்கவரிக்குள் (மீட்பு வேலைக்கென்று இருக்கும் சிறு தனி மென்பொருள்) போனால் மறுபடி ஏடிபி வரும், ஆனால் நிலை 'ரெக்கவரி' என்றோ 'சைட்லோடு' என்றோ காட்டும். சைட்லோடு நிலையில் ஜிப் கோப்பை அனுப்பலாம், அவ்வளவுதான், ஃபோனுக்குள் கட்டளை தட்டும் ஷெல் கிடைக்காது.

ஃபாஸ்ட்பூட்டிலும் 'வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்' என்று நின்றுவிட்டால், விண்டோஸில் பெரும்பாலும் டிரைவர்தான் காரணம். ஒரே ஃபோன் ஆனாலும், நிலை மாறும்போது விண்டோஸ் அதை வேறு சாதனமாகப் பார்க்கிறது. ஏடிபிக்குப் போட்ட டிரைவர் இதற்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று நம்ப முடியாது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு இருப்பதைத் தேர்ந்தெடுத்து 'ஆண்ட்ராய்டு பூட்லோடர் இன்டர்ஃபேஸ்' டிரைவரைக் கையால் கொடுங்கள். அதற்கும் மசியவில்லையா, யுஎஸ்பி 2 போர்ட்டிலோ ஹப்பிலோ மாட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஃபாஸ்ட்பூட்டில் பூட் இமேஜ் (மென்பொருளின் ஒரு பகுதிக்கான கோப்பு) ஏறுகிறது, சிஸ்டம் இமேஜ் மட்டும் 'அப்படி ஒரு பார்ட்டிஷன் (சேமிப்பகப் பிரிவு) இல்லை' என்று மறுக்கிறது. பூட்லோடர் திறந்துதான் இருக்கிறது.

பதில்: ஃபாஸ்ட்பூட் என்ற பேரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். பூட்லோடருக்குள் இருப்பது ஒன்று. ஆண்ட்ராய்டு 10-இல் வந்த ஃபாஸ்ட்பூட்டி இன்னொன்று. இது ரெக்கவரிப் பக்கத்தில் ஓடுவது. அந்தப் பதிப்போடு வெளிவந்த ஃபோன்களில் சிஸ்டம், வெண்டார், பிராடக்ட் எல்லாம் 'சூப்பர்' என்ற ஒரே பெரிய பார்ட்டிஷனுக்குள் போய்விட்டன. பூட்லோடருக்கு சூப்பர் தெரியும், அதன் உட்பிரிவுகள் தெரியாது. 'ஃபாஸ்ட்பூட் ரீபூட் ஃபாஸ்ட்பூட்' கொடுத்து ஃபாஸ்ட்பூட்டியிடம் போங்கள். யாரிடம் பேசுகிறோம் என்ற சந்தேகம் வந்தால் 'ஃபாஸ்ட்பூட் கெட்வார் இஸ்-யூசர்ஸ்பேஸ்' என்று கேளுங்கள். 'யெஸ்' வந்தால் ஃபாஸ்ட்பூட்டி.

கேள்வி: சைட்லோடு 47 சதவீதத்தில் நின்றுவிடுகிறது.

பதில்: கணினியில்தானே? ஃபோன் திரையைப் பாருங்கள். அங்கே வெற்றி என்று இருந்தால் வேலை முடிந்தது. கணினி காட்டும் சதவீதம் ஒரு உத்தேசக் கணக்குதான்.

கேள்வி: பூட்லோடர் திறந்ததிலிருந்து ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் எச்சரிக்கை வருகிறது, பார்க்கவே எரிச்சல். கஸ்டம் ரோமை (தயாரிப்பாளர் தராத, வெளியார் உருவாக்கிய ரோம்) வைத்துக்கொண்டே மறுபடி பூட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம், கையை எடுங்கள்! இந்தக் கேள்விகளிலேயே ஆபத்தானது இதுதான். அந்த எச்சரிக்கை ஒரு நிலை அறிவிப்பு. ஆன் ஆகும்போது மென்பொருளைச் சரிபார்க்கும் ஃபோன், தன் நிலையை நிறத்தால் சொல்கிறது. பச்சை என்றால் பூட்டியிருக்கிறது, தயாரிப்பாளரின் மென்பொருள். மஞ்சள் என்றால் பூட்டியிருக்கிறது, ஆனால் சரிபார்ப்பது உரிமையாளர் பதிந்த வேறு டிஜிட்டல் சாவியை வைத்து. ஆரஞ்சு என்றால் திறந்திருக்கிறது, சரிபார்ப்பு கட்டாயமில்லை. சிவப்பு என்றால் சரிபார்ப்பு தோற்றுவிட்டது. நீங்கள் இப்போது ஆரஞ்சில் இருக்கிறீர்கள். பூட்டியதும் ஃபோன் மென்பொருளின் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும், அது பொருந்தாது, நேராகச் சிவப்புக்குப் போய் நிற்கும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஓஇஎம் அன்லாக்' (பூட்லோடரைத் திறக்க அனுமதி) அணைந்திருந்தால் திரும்பத் திறக்கவும் வழியில்லை.

பிக்சல் ஃபோனில் கிராஃபீன்ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமைப் போடுபவர்கள் அதன் சாவியைப் பதிந்துவிட்டுப் பூட்டுகிறார்கள். அது மஞ்சளில் ஒழுங்காக ஓடும். மற்றவர்கள் முதலில் நிறுவனத்தின் மூல மென்பொருளை முழுதாக ஏற்றிவிட்டு, அப்புறம் பூட்டலாம். திறந்தாலும் பூட்டினாலும் உள்ளிருக்கும் தரவு அழியும், படங்களை முதலில் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: சாம்சங்கில் ஃபாஸ்ட்பூட் எங்கே?

பதில்: சாம்சங் வழி தனி வழி. அங்கே ஃபோனில் டவுன்லோடு மோட், கணினியில் 'ஓடின்' என்ற நிரல். டவுன்லோடு மோடில் பொடி எழுத்தில் வருவதைப் படித்துவிட்டே தொடங்குங்கள்: ஓஇஎம் லாக் (பூட்லோடர் பூட்டு), எஃப்ஆர்பி லாக் (கணக்குப் பூட்டு), கேஜி ஸ்டேட் (சாம்சங்கின் நாக்ஸ் கார்டு பூட்டின் நிலை). ஓடினில் ஏற்றும் கோப்புகளில் சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் அமைப்புகள்) கோப்பு தரவை அழிக்கும், ஹோம் சிஎஸ்சி தரவை வைத்திருக்கும். இதைக் கவனிக்காமல் படங்களை இழந்தவர்கள் நிறைய. அதிகாரபூர்வமில்லாத மென்பொருளை ஏற்றி நாக்ஸ் (சாம்சங்கின் பாதுகாப்பு அமைப்பு) வாரண்டி எண் 0x1 ஆகிவிட்டால், அது திரும்ப 0x0 ஆகாது. கோப்புகளைத் தனியே பூட்டிவைக்கும் செக்யூர் ஃபோல்டர் போய்விடும்.

கேள்வி: திரை முழுக்கக் கறுப்பு. கேபிள் மாட்டினால் கணினியில் சத்தம் மட்டும் வருகிறது, டிவைஸ் மேனேஜரில் 'க்யூடிலோடர் 9008' என்று இருக்கிறது.

பதில்: குவால்காம் சிப்பின் அவசர நிலை இது, சுருக்கமாக ஈடிஎல் என்பார்கள். சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் நிரல்தான் பேசுகிறது, ஆக சிப் உயிரோடு இருக்கிறது. முதலில் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், தற்செயலாக வந்திருந்தால் வெளியேறிவிடும். இல்லையென்றால் உங்கள் மாடலுக்கென்று கையெழுத்திட்ட ஃபயர்ஹோஸ் லோடர் (இந்த நிலையில் மென்பொருளை ஏற்ற உதவும் நிரல்) தேவை. அது கையில் இல்லாமல் வேறு மாடலின் கோப்பைத் தேடி ஏற்றாதீர்கள், சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

கேள்வி: ஐஃபோனிலும் இப்படி நிலைகள் உண்டா?

பதில்: உண்டு. திரையில் கேபிளும் கணினியும் தெரிந்தால் ரெக்கவரி. திரை கறுப்பாக இருந்தும் கணினி ஃபோனைக் கண்டுபிடித்தால் டிஎஃப்யூ, ரெக்கவரியைவிட அடிமட்டமான மீட்பு நிலை. ரெக்கவரியில் 'அப்டேட்' கொடுத்தால் தரவை விட்டுவைத்து மென்பொருளை மட்டும் போடும். 'ரீஸ்டோர்' எல்லாவற்றையும் அழிக்கும். பதிவிறக்கம் 15 நிமிடம் தாண்டினால் ஃபோன் ரெக்கவரியிலிருந்து தானே வெளியேறிவிடும். இறக்கி முடியட்டும் என்று விட்டுவிட்டு, மறுபடி ரெக்கவரிக்குள் கொண்டுபோங்கள்.