பன்னிரண்டாவது ராத்திரி

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். வயது 23, செம்பனை (பாமாயில்) ஆலையில் வேலை. தோட்டத்துக் கதைகள் எழுதுகிற உங்களிடம் வீடியோ கேம் பற்றிக் கேட்கலாமா என்று தயக்கமாக இருந்தது. நீங்களும் விளையாடுவதாக ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்கள், அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

கூட்டாளி ஒருவன் விற்ற பழைய பிளேஸ்டேஷனில் 'செகிரோ' விளையாடுகிறேன். அதில் கோட்டை உச்சியில் வரும் கெனிச்சிரோ என்ற எதிரியிடம் பதினோரு ராத்திரி தோற்றேன். பன்னிரண்டாவது ராத்திரி ஜெயித்தபோது கை நடுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா எழுந்து வந்து "என்னய்யா ஆச்சு?" என்றார். சொல்லத் தெரியவில்லை.

இதற்கு முன்னால் இன்னொரு கேமில் லெவலை, அதாவது என் ஆளின் பலத்தை, நன்றாக ஏற்றிக்கொண்டு போய், கடைசி பாஸை (பெரிய எதிரியை) முதல் தடவையிலேயே முடித்தேன். ஒன்றுமே தோன்றவில்லை. அடைத்துவிட்டுத் தூங்கப் போனேன். கஷ்டப்பட்டால்தான் சந்தோஷமா? அப்படியும் சொல்ல முடியவில்லை. கஷ்டமாக இருந்தும் எரிச்சலை மட்டும் தந்த பாஸ்கள் உண்டு. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

உங்கள் வாசகன்

*

அன்புள்ள தம்பி,

தயங்கியிருக்கவே வேண்டாம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நானும் அந்த ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவன்தான். சம்பள நாளில் அப்பாவோடு பட்டணத்துக்குப் போனால், அவர் மளிகை வாங்கி முடிக்கும்வரை நான் வீடியோ கேம் கடையில் நிற்பேன். கையில் இருக்கும் சில்லறை கொஞ்சம்தான். அங்கே காசு போட்டு ஆடும் பெட்டிகளில் பல, பாஸ் வந்ததும் காசைத் தின்றுவிடும். எந்தப் பக்கத்திலிருந்து அடி வந்தது என்று பார்ப்பதற்குள் ஆட்டம் முடிந்து, அடுத்த காசு கேட்டு எண்கள் பத்திலிருந்து இறங்கும். அந்தப் பெட்டிகளின் பிழைப்பே அடுத்த காசில்தான் இருந்தது. ஆட்டம் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது ஒன்றும் கற்றுக்கொண்டதாக இருக்காது. காசு போனது மட்டும்தான் மனதில் நிற்கும்.

அதனால் கஷ்டத்தை ஓரமாக வைத்துவிடு. என் கணக்கு இது: தோற்றபோது ஏன் தோற்றோம் என்று தெரிந்தால் அந்த பாஸ் நல்ல பாஸ். தெரியாவிட்டால் எவ்வளவு பெரிய அரக்கனாக இருந்தாலும் வெறும் தொல்லைதான்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கற்றுக்கொண்ட நாட்களை வைத்துத்தான் எனக்கு இது புரிந்தது. பள்ளி விடுமுறையில் அம்மாவின் நிரைக்கு, அவர் பால் வெட்டும் மர வரிசைக்கு, துணைக்குப் போவேன். சீக்கிரமே வெட்டிச் சாய்க்கப்போகிற கிழட்டு மரங்களில்தான் உளியைப் பிடிக்கவிட்டார். மேலாகச் சீவினால் பால் சரியாக இறங்காது, கோட்டில் அங்கங்கே முத்து முத்தாக நிற்கும். ஆழமாகப் போனால் பட்டைக்கு அடியில் இருக்கும் மெல்லிய தோல் கிழிந்து, வெள்ளையாக மரம் தெரியும். அதுதான் காயம். பால் மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) சொட்டுகிறதா, காயம் தெரிகிறதா என்று அந்த நிமிடமே மரம் சொல்லிவிடும். அம்மா வாய் திறக்க வேண்டிய அவசியமே இருக்காது. அடுத்த மரத்துக்குப் போகும்போது கை கொஞ்சம் மாறியிருக்கும்.

இப்போது உன் கெனிச்சிரோவுக்கு வருவோம். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 2019இல் வந்த விளையாட்டு அது, இயக்கியவர் மியாசாக்கி ஹிதெதாகா. அவர் இயக்கிய மற்ற பல விளையாட்டுகளைப் போல இதில் எதிரிகளைக் கொன்று குவித்து லெவலை ஏற்றிக்கொண்டு வர முடியாது. உயிரும் பலமும் பெரும்பாலும் முக்கியமான எதிரிகளை வென்றால்தான் கூடும். ஆக, பதினோராவது ராத்திரி தோற்ற உன் ஆளுக்கும் பன்னிரண்டாவது ராத்திரி ஜெயித்த உன் ஆளுக்கும் பலத்தில் அநேகமாக வித்தியாசமே இருந்திருக்காது. மாறியது உன் கண்ணும் விரலும்தான். லெவலை ஏற்றி ஜெயித்த விளையாட்டில் வேலையைச் செய்தது எண். அதனால்தான் நீ தூங்கப் போய்விட்டாய்.

அந்தச் சண்டையைக் கிட்டே போய்ப் பார். கெனிச்சிரோவை நீ முதலில் சந்திப்பது கோட்டை உச்சியில் இல்லை, கதைத் தொடக்கத்தில் நாணல் வெளியில். அங்கே உன் இடது கையை வெட்டி எறிகிறான். எப்படியோ ஜெயித்துவிட்டாலும் கை போகத்தான் போகிறது. அப்போது அவன் வாள் வருகிற வேகத்தில் ஒன்றும் புரிந்திருக்காது. பல மணி நேரம் கழித்துக் கோட்டை உச்சியில் பார்க்கும்போது ஆள் அதே ஆள்தான். ஆனால் இதற்குள் வழியில் எத்தனையோ சிப்பாய்களிடம் வாளை வாளால் தட்டிவிடப் பழகியிருக்கிறாய். சரியான கணத்தில் தட்டினால் 'கிண்' என்று ஒரு சத்தம், ஒரு பொறி. சற்றுத் தவறினால் சத்தமே மந்தமாக இருக்கும். உன் தவறைக் காதே சொல்லிவிடுகிறது. தட்டத் தட்ட அவன் நிலை தடுமாறுவதைக் காட்டும் கோடு நிரம்புகிறது. பின்வாங்கி மூச்சு வாங்கினால் அது மறுபடி இறங்கிவிடும். பயந்து ஓடுகிறவனுக்குச் சண்டை நீளும், கிட்டே நின்று தட்டுகிறவனுக்குச் சுருங்கும். இந்த ஒரு விதியை வைத்தே உன்னைத் தைரியசாலி ஆக்கிவிடுகிறார்கள். என்ன அழகான யோசனை!

முடிந்தது என்று நினைக்கும்போது கவசத்தைக் கழற்றிவிட்டு மின்னலோடு வருகிறான். அங்கேதான் உனக்குப் பாதி ராத்திரிகள் போயிருக்கும். தரையில் நின்றபடி வாங்கினால் பெரிய அடி. குதித்து, அந்தரத்திலேயே மின்னலை வாங்கி, கால் தரையில் படுவதற்குள் வாளை வீசினால் அது அவனுக்கே திரும்பிப் போகும். உன்னைக் கொன்ற அதே பொருள் உன் ஆயுதமாகிவிடுகிறது. இது கைகூடிய ராத்திரிதான் நீ அழுதிருப்பாய் என்று நினைக்கிறேன்.

முன்கூட்டிச் சொல்லிவிட்டு அடிப்பது இந்தக் கலையில் பழைய பாடம். 1987இல் வந்த நின்டெண்டோவின் 'பஞ்ச்-அவுட்' குத்துச்சண்டையில், எதிராளி குத்துவதற்கு முன்னால் உடம்பையோ கண்ணையோ ஒரு தினுசாக அசைப்பான். கவனித்தவன் தப்பித்தான். அப்புறம் இந்தக் கவனிப்பையே சோதிப்பதும் உண்டு. 2022இல் வந்த 'எல்டன் ரிங்'கில் மார்கிட் என்று ஒரு கிழவன் கோலைத் தூக்குவான், நீ பதறி உருளுவாய், அவன் தூக்கியது தூக்கியபடி நிற்பான், நீ எழுந்த பிறகே அடி விழும். அநியாயம் என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது, ஏனென்றால் கோல் இறங்கத் தொடங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. தூக்குவதைப் பார்க்காதே, இறங்குவதைப் பார் என்கிறான், அவ்வளவுதான்.

எரிச்சல் தந்த பாஸ்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ எந்த விளையாட்டு என்று சொல்லவில்லை, ஆனால் அநேகமாக இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, உயிர்க்கோடு மட்டும் நீளமாக இருந்து, ஐந்து நிமிடத்தில் நீ கற்றுக்கொண்டதையே அரை மணி நேரம் செய்யச் சொல்லும் பாஸ். மற்றது, ஒவ்வொரு சாவுக்கும் நீண்ட தூரம் ஓடி வரவைப்பது. ஓடி வருவதற்குள் விரலில் இருந்த நினைவு ஆறிப்போய்விடும். 2011இல் வந்த 'டார்க் சோல்ஸ்' நான் மிகவும் மதிக்கும் விளையாட்டு, ஆனால் இந்தக் குறை அதில் உண்டு. எல்டன் ரிங்கில் பல பாஸ்களுக்குப் பக்கத்திலேயே மறுபடி எழ இடம் வைத்துவிட்டார்கள்.

தோல்வியை எப்படிக் காட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். 'கப்ஹெட்' கிடைத்தால் விளையாடிப் பார். கனடாவில் அண்ணன் தம்பி இருவர் தொடங்கி, பழைய கார்ட்டூன் பாணியில் கையால் வரைந்து செய்து, 2017இல் வந்தது. சண்டை நடக்கும்போது பாஸின் உயிர்க்கோடே தெரியாது. நீ செத்த பிறகுதான் ஒரு கோடு வரும். அதில் உன் ஆள் ஓடிப் போய், எவ்வளவு தூரம் வந்தானோ அங்கே நிற்பான். முடிவுக்கு ஒரு விரல் அகலம் இருக்கும்போது அவன் நிற்பதைப் பார்த்துவிட்டு யாரால் எழுந்து போக முடியும்?

அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அவர் தோட்டத்தில் வேலை பார்த்தவர் என்றால், காயம் படாமல் ஒரு மரத்தை முதல்முதலாகச் சீவி முடித்த நாளைப் பற்றிக் கேட்டுப் பார். அவர் பேசி முடித்ததும் உன் பன்னிரண்டாவது ராத்திரியைச் சொல். புரியும்.

செகிரோவில் உனக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது. கடைசிச் சண்டை யாரோடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதில் அந்த மின்னல் மறுபடி வரும். அது வரும் கணத்தில் உன் கட்டைவிரல் என்ன செய்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்