வாசகர் கேள்வி-பதில்: வியட்நாம் போறீங்களா, ஊர்க்காரங்களுக்கு என்ன அனுப்புவீங்க?

எங்கள் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் 40 பேர். போன தடவை வெளிநாட்டிலிருந்து நான் அனுப்பிய படமெல்லாம் மங்கலாக வந்தது என்றார்கள். இந்த முறை வியட்நாம் போகிறேன். என்ன செய்யலாம்?
– வாசகர், களியக்காவிளை

சும்மா அனுப்பினால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். அனுப்பும் முன் மேலே தெரியும் 'எச்.டி.'யைத் தட்டுங்கள், பெரும்பாலும் அதுவே போதும். பிரிண்ட் போடும் அளவுக்கு வேண்டுமென்றால் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பலாம். ஆனால் அதில் இரண்டு சிக்கல் உண்டு. படம் எடுத்த இடத்தின் விவரமும் அதோடு சேர்ந்து போகும். தங்கியிருக்கும் ஓட்டலைக் குழு முழுக்கச் சொல்ல வேண்டாமே. ஐபோனில் எடுத்த படம் சில பழைய ஆண்ட்ராய்டு போன்களில் திறக்காது. கேமரா செட்டிங்கில் 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று புறப்படும் முன்பே மாற்றிவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஐந்து படம் போதும். நாற்பது போனிலும் தானாக இறங்கி இடத்தை அடைத்தால், மூன்றாம் நாளே குழுவை மியூட்டில் போட்டுவிடுவார்கள். மீதியை கூகுள் ஃபோட்டோஸில் ஒரே ஆல்பமாக்கி லிங்க் கொடுங்கள். இலவச இடம் 15 ஜி.பி.; ஜிமெயிலும் அதிலேதான் அடக்கம், போகும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். லிங்க் கையில் இருப்பவர் யாரும் பார்க்கலாம் என்பதால் பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் படம் எதுவும் ஆல்பத்தில் வரக்கூடாது.

அங்கே வேறு சிம் போட்டால் வாட்ஸ்அப் எண் மாறிவிடுமா? பேங்க் ஓ.டி.பி. வருமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

மாறாது. புது சிம்மைப் பார்த்ததும் எண்ணை மாற்றவா என்று வாட்ஸ்அப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓ.டி.பி. வர ஊர் சிம்மும் போனிலேயே இருக்கணும். கிளம்பும் முன் அதில் இன்டர்நேஷனல் ரோமிங்கைத் திறந்துவிட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். இதை மறந்தால் பில் எகிறும்.

ஈ-சிம் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்) வாங்கினால் வீட்டு வைஃபையிலேயே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். சுற்றுலா ஈ-சிம் பலவற்றில் டேட்டா மட்டும்தான், பேசும் எண் கிடையாது. உள்ளூர் டிரைவர் உங்களைக் கூப்பிடணும் என்றால் விமான நிலையத்தில் வியட்டெல், வினாஃபோன், மோபிஃபோன் சிம் ஏதாவது ஒன்றை வாங்குங்கள். பாஸ்போர்ட் கேட்பார்கள்.

ரயிலில் போகும்போதே வீடியோ கால் போட்டு நண்பர்களுக்குக் காட்டணும். எந்தப் பகுதி நல்லது?
– வாசகர், செங்கோட்டை

மத்திய வியட்நாமில் ஹூவே நகரிலிருந்து டா நாங் நகர் வரை. ஏறத்தாழ 100 கி.மீ., இரண்டரை முதல் மூன்று மணி நேரம். ஹாய் வான் மலையைச் சுற்றிக் கடலை ஒட்டியே ரயில் போகும். ஹூவேயில் ஏறினால் கடல் இடப்பக்கம், திரும்பி வரும்போது வலப்பக்கம். ஆரியங்காவு ரயில் பாதையில் குகைக்குள் நுழைந்ததும் போன் சிக்னல் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அங்கேயும் அதே கதைதான். அதனால் வீடியோ கால் வேண்டாம். முப்பது விநாடித் துண்டுகளாக எடுத்து டா நாங்கில் இறங்கி அனுப்புங்கள். ஏ.சி. பெட்டியின் கண்ணாடியில் உங்கள் முகமே விழும். லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தால் விழாது. அக்டோபர், நவம்பரில் அந்தக் கரையில் கனமழை, கடலே தெரியாமல் போகலாம்.

முகம் பார்த்துப் பேச ராத்திரி ஓட்டலுக்கு வந்த பிறகு கூப்பிடுங்கள். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால். ஊரில் எட்டு என்றால் அங்கே ஒன்பதரை.

குமுளியில் நண்பர்கள் எல்லாரும் மிளகு விவசாயிகள். அவர்களுக்கு அங்கே காட்ட ஏதாவது இருக்கிறதா?
– வாசகர், குமுளி

நிறைய. உலகிலேயே அதிக மிளகு ஏற்றுமதி செய்யும் நாடு அது. டக் லக், ஜியா லாய் மலைப்பகுதியிலும் ஃபூ குவோக் தீவிலும் தோட்டங்கள் உண்டு. நம் பக்கம் முள்முருங்கையிலும் சில்வர் ஓக்கிலும் ஏற்றுகிறோம். அங்கே கான்கிரீட் தூணிலும் செங்கல் தூணிலும்கூட ஏற்றுகிறார்கள். கொடியை மட்டும் எடுத்தால் விவசாயிக்கு ஒன்றும் புரியாது. தூணின் அடியை, வேருக்கு அணைத்த மண்ணை, தண்ணீர் வடியும் வாய்க்காலைக் கிட்டத்தில் எடுங்கள். வாடல் நோய் தண்ணீர் தேங்கும் இடத்தில்தானே பிடிக்கிறது, அவர்கள் கேட்கப்போவதும் அதைத்தான். தூண் பக்கத்தில் ஒருவரை நிறுத்தினால் உயரம் தெரியும். இடைவெளியை அடிக்கணக்கில் அளந்து வாய்ஸ் மெசேஜில் சொல்லிவிடுங்கள். பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் போனால் அறுவடையும் காயவைப்பதும் பார்க்கலாம்.

கொடித் துண்டு கேட்பார்கள், கொண்டுவராதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நோய்ச் சான்றும் இல்லாமல் நாற்று கொண்டுவருவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே பறித்துவிடுவார்கள்.