எபிபனியும் திருப்பமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறுகதை விமர்சனங்களில் ‘எபிபனி’ என்ற சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது. கதைமுடிவில் வரும் திருப்பத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். அது கிறிஸ்தவப் பண்டிகையின் பெயர் என்கிறார் நண்பர். எது சரி? கதை எழுதுகிறவர் இதை எப்படிக் கையாள்வது?

செல்வி, கரூர்

அன்புள்ள செல்வி,

நண்பர் சொன்னது சரிதான், ஆனால் சொல் பண்டிகைக்கும் மூத்தது. கிரேக்கத்தில் ‘எபிஃபனேயா’ என்றால் கண்முன் தென்படுவது. எதிரிப் படை திடீரென்று கண்ணுக்குத் தட்டுப்பட்டாலும் அதே சொல், தெய்வம் காட்சி கொடுத்தாலும் அதே சொல். யூக்ளிட் வடிவியலில் ‘பரப்பு’ என்பதற்கும் அதுவே. எகிப்தை ஆண்ட ஐந்தாம் தாலமியின் பட்டப்பெயர் ‘எபிஃபனேஸ்’. நம் வழக்கில் ‘கண்கண்ட தெய்வம்’ எனலாம். ரொசெட்டா கல் என்ற எகிப்தியக் கல்வெட்டில் உள்ள கி.மு. 196ஆம் ஆண்டு ஆணை இவரைப் போற்றுவதுதான். பண்டிகை ஜனவரி 6. மேலைத் திருச்சபையில் அது ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்ட நாள். தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குத் திருக்காட்சிப் பெருவிழா.

இதை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தவர் அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ். காதில் விழுந்த பேச்சுத் துணுக்குகளையும் கனவுகளையும் சின்னச் சின்னக் குறிப்புகளாக எழுதி, அவற்றுக்கு ‘எபிபனிகள்’ என்று பெயர் வைத்தார். இன்று மிஞ்சியிருப்பவை நாற்பது. அவர் இறந்தபின் 1944இல் வெளியான ‘ஸ்டீபன் ஹீரோ’ நாவலில் அதற்கு விளக்கமும் வருகிறது: டப்ளின் தெருவொன்றில் ஒரு பெண்ணும் ஓர் இளைஞனும் பேசும் அற்பமான, பாதி கேட்காத உரையாடல்; அடுத்து, தினமும் பார்க்கும் பேலஸ்ட் ஆபீஸ் கடிகாரம்கூட ஒருநாள் எபிபனி ஆகலாம் என்ற பேச்சு. அதாவது, பார்க்கிற பொருள்தான் தன்னைக் காட்டிக்கொள்கிறது. ‘எனக்குத் தோன்றியது’ என்கிறோமே, அதில் எழுவாய் நானில்லை. அதே அமைப்புத்தான் இங்கும். (பின்னாளில் ‘யுலிசிஸ்’ நாவலில் ஜாய்ஸே தன் எபிபனிகளைக் கிண்டல் செய்தார். விமர்சகர்கள் மட்டும் விடவில்லை.)

திருப்பம் வேறு. அதில் ஆசிரியர் ஒரு தகவலை ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துப் போடுகிறார். எபிபனியில் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

ஜாய்ஸின் ‘களிமண்’ கதையைப் பாருங்கள். ஹாலோவீன் இரவு. மரியாவின் கண்ணைக் கட்டித் தட்டுகளில் ஒன்றைத் தொடச் சொல்கிறார்கள். விரலில் மெத்தென்று ஈரமாக ஏதோ படுகிறது. அந்த விளையாட்டில் மண் என்றால் சாவு. ‘களிமண்’ என்ற சொல் தலைப்பில்தான் இருக்கிறது, காட்சியில் இல்லை. பிறகு பாடும்போது இரண்டாம் சரணத்துக்குப் பதில் முதல் சரணத்தையே மறுபடி பாடுகிறாள், யாரும் திருத்தவில்லை. அந்த வீட்டுக்காரன் ஜோவுக்குக் கண் நிறைந்துவிடுகிறது, தேடுவது கிடைக்கவில்லை, கார்க் திருகி எங்கே என்று மனைவியைக் கேட்கிறான். மரியாவுக்கு எதுவும் புரிந்ததாகக் கதையில் இல்லை. புரிவது நமக்கு.

நம்மவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். ‘அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது’ என்று ஒரு வரி போட்டு, என்ன புரிந்தது என்று ஒரு பத்தியும் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பத்தியை அடித்துவிட்டுப் படியுங்கள். கதை நின்றால் அது வேண்டாத சுமை. விழுந்தால் கடைசிப் பக்கத்தைத் தொடாதீர்கள். நடுவில், போகிற போக்கில் வந்திருக்க வேண்டிய தட்டோ பாட்டோ விடுபட்டிருக்கிறது. அதை அங்கே வையுங்கள், பெயர் சொல்லாமல்.