பதில்: மூன்று இன்ஜின் போட்டும் ஏற்றத்தில் கப்ளிங் அறுகிறது

ரயில் சிமுலேட்டர் விளையாட்டில் மூன்று இன்ஜின் போட்டும் ஏற்றத்தில் கப்ளிங் (பெட்டிகளை ஒன்றோடொன்று இணைக்கும் இரும்புக் கொக்கி) அறுகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் சிமுலேட்டரில் குறை எதுவும் இல்லை, நண்பரே. 2,500 டன் சரக்கு, 40க்கு 1 ஏற்றம் (40 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும்) என்கிறீர்கள். சரிவால் மட்டும் சரக்கைப் பின்னால் இழுக்கும் விசை அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது 62.5 டன் எடைக்குச் சமம். மூன்று இன்ஜினையும் முன்னால் மாட்டினால் அந்த மொத்த இழுவையும் முதல் வேகனின் கப்ளிங் மேல்தான் விழும். இன்ஜினுக்குச் சக்தி இருக்கிறது, நடுவில் இருக்கும் இரும்புக்குத்தான் இல்லை!

ஒரு இன்ஜினைக் கழற்றி ரயிலின் பின்னால் மாட்டுங்கள். மூன்றும் ஒரே அளவு இழுத்தால் முன் கப்ளிங்கின் சுமை ஏறக்குறைய மூன்றில் இரண்டாகக் குறைந்துவிடும். ரயிலின் கடைசிப் பகுதி தள்ளப்பட்டு ஏறும், மற்றது இழுக்கப்பட்டு ஏறும்.

கிளம்பும்போது பின் இன்ஜினை மெதுவாகத் தள்ளவிட்டு, வேகன்கள் நெருங்கியதும் முன்னால் சக்தி கொடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் பழைய கதைதான். அதற்காகப் பின்னால் அளவுக்கு மீறியும் தள்ளக் கூடாது. வளைவில் காலி வேகன் இருந்தால் தண்டவாளத்தை விட்டு வெளியே பிதுங்கும். காலி வேகன்களைப் பின் இன்ஜினுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பலர் கோட்டை விடுவது ஏற்றத்தின் உச்சியில்தான். முன்பகுதி இறங்கத் தொடங்கியதும் அதன் எடையும் சேர்ந்து இழுக்கும், அதனால் முதலில் முன் இன்ஜின்களின் சக்தியைக் குறையுங்கள். பின்னால் இருப்பது தள்ளிக்கொண்டே இருக்கட்டும்.

அப்புறம், பிரேக் குழாயை (ரயில் முழுதும் ஓடி எல்லா வேகன் பிரேக்கையும் இயக்கும் காற்றுக் குழாய்) பின் இன்ஜின் வரை இணைத்தீர்களா? ரயில் பிரேக்கின் கட்டுப்பாடு முன் இன்ஜினிடம் மட்டும் இருக்க வேண்டும்.