மக்கு உரக் கழிப்பறையை வீட்டிலேயே கட்டி, அந்த உரத்தில் காய்கறி வளர்க்க முடியுமா?

சென்னையில் தனி வீடு, பின்னால் கொஞ்சம் காலி இடம், மழைக்காலத்தில் செப்டிக் டேங்க் தொல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது மணலி புதுநகர். மலத்தைத் தண்ணீர் படாமல் மூடி வைத்து உரமாக மக்க விடும் இந்தக் கழிப்பறையை 2016இல் கட்டினேன், இன்னும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். முடியும். ஆனால் காய்கறி விஷயத்தில் ஒரு ‘ஆனால்’ இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் டேங்கின் மூடி மிதந்தது. கக்கூஸில் ஒரு வாளி ஊற்றினால் அது இறங்காமல் குளியலறைச் சல்லடை வழியாக மேலே வந்தது. வெள்ளம் இல்லாத வருஷத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மூன்றடி தோண்டினால் தண்ணீர். லாரிக்காரர் உறிஞ்சிவிட்டுப் போன மறுநாளே ஊற்று ஏறி டேங்க் பழையபடி நிறைந்திருக்கும், கொடுத்த காசு போச்சு. பூமிக்குள் இறங்காமல் பூமிக்கு மேலே நிற்கும் ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது.

அம்மாவிடம் சொன்னேன். “எடுப்பு கக்கூஸை ஒழிச்சுக்கட்ட எத்தனை வருஷம் ஆச்சு, நீ காசு குடுத்து மறுபடி கட்டப் போறியா?” என்றார். நியாயமான கேள்வி. எடுப்பு கக்கூஸில் பச்சையாகக் கிடப்பதை இன்னொரு மனிதர் சுமந்தார். இதில் ஒரு வருஷத்துக்கு மேல் மூடி வைத்து, மண்ணான பிறகு நானே அள்ளுகிறேன். மக்கி முடியும் முன்பே கையால் அள்ள வேண்டியிருக்கும் கழிப்பறையைக் கட்டுவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆள் வைத்து அள்ளிக்கொள்ளலாம் என்று மனதில் ஓரமாக ஒரு எண்ணம் இருந்தால் தயவுசெய்து இதைக் கட்டாதீர்கள்.

இணையத்தில் பார்க்கும் பக்கெட், மரத்தூள் முறையெல்லாம் காகிதத்தால் துடைக்கிறவர்களுக்கானது. நாம் கழுவுகிறவர்கள். கழுவுகிற தண்ணீர் எங்கே போகும் என்பதற்குப் பதில் இல்லாவிட்டால் மொத்தமும் சேறாகிவிடும், நாறும், புழு வைக்கும். இதற்குத் திருச்சி மாவட்டம் முசிறிப் பக்கம் ஈகோசான் என்ற பெயரில் எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். பேசினில் மூன்று இடம்: முன்னால் சிறுநீருக்கு ஒரு பள்ளம், நடுவில் மலத்துக்கு ஓட்டை, பின்னால் கழுவ ஒரு பள்ளம். முடித்ததும் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் குழாய் வழியாகக் கல்வாழைப் பாத்திக்குப் போகிறது. நடு ஓட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழக்கூடாது, விஷயம் அவ்வளவுதான்.

கட்டுமானம் பெரிய வித்தை இல்லை. ஹாலோ பிளாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை, ஒவ்வொன்றும் உள்ளளவு நாலடிக்கு மூன்றடி, உயரம் இரண்டரை அடி. 2015 வெள்ளம் எங்கள் சுவரில் விட்டுப்போன கறைக்கு ஓரடி மேலே அறையின் தரை இருக்கும்படி மேடை போட்டோம், அதனால் ஏறிப்போக ஏழு படி. மேஸ்திரி “கோயில் கட்றீங்களா சார்?” என்று கேட்டார். 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீர் கீழ்ப்படி வரை வந்து நின்றது, அறைக்குள் போகவில்லை. ஓர் அறை நிரம்ப எங்கள் நாலு பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிறகு அதை அடைத்துவிட்டு அடுத்ததுக்கு மாற வேண்டும்.

ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கை சாம்பல், ஒரு கை தென்னை நார்க்கழிவு. சாம்பல் ஈரத்தை இழுக்கும், காரத்தன்மையால் கிருமியை அடக்கும். எங்கள் தெருமுனையில் விறகடுப்பு பிரியாணிக் கடை இருக்கிறது, வாரம் ஒரு மூட்டை தந்துவிடுவார்கள். செங்குன்றம் அரிசி ஆலைகளின் உமிச் சாம்பலும் சரிதான். அனல் மின் நிலையச் சாம்பல் பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று இந்த ஏரியாவில் யாராவது யோசனை சொல்வார்கள், தொடாதீர்கள். நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக், பாதரசம் எல்லாம் உண்டு, அது மண்ணுக்குள் போக வேண்டாம்.

சொதப்பலும் நடந்தது. இரண்டாம் வருஷம் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர், நான் விளக்கியதற்கு நன்றாகத் தலையாட்டிவிட்டு, நடு ஓட்டையிலேயே முழு வாளியையும் ஊற்றிவிட்டார். மூன்றாம் நாள் சுவரெல்லாம் புழு. ஒரு மூட்டைச் சாம்பல் கொட்டி, ஒரு வாரம் பழைய கக்கூஸுக்கே திரும்பினோம். இப்போது விருந்தாளிகளை மேலே ஏறவிடுவதில்லை. அப்புறம் சிறுநீர்க் குழாயில் வெள்ளையாக உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். குழாயை அகலமாகவும் நல்ல சரிவாகவும் போடுங்கள்.

முதல் அறையை அடைத்துப் பதினாலு மாதம் கழித்துத் திறந்த அன்று மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் மண்வெட்டியை எடுத்தேன். உள்ளே கருப்பாக, பொலபொலவென்று, புது மழை பெய்த தோட்டத்து வாசனை. ஐந்து சிமெண்ட் மூட்டை தேறியது. துண்டை அவிழ்த்துவிட்டேன். கையுறையை மட்டும் கழற்றவில்லை, ஏனென்றால் குடலில் வாழும் நாக்குப்பூச்சியின் முட்டை லேசில் சாகாது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் கிடக்க வேண்டும் என்பார்கள், நான் பதினெட்டு மாதம் வைக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

இதுதான் அந்த ‘ஆனால்’: இந்த உரத்தைக் கீரை, முள்ளங்கி, வெங்காயத்துக்கு நான் போடுவதே இல்லை. வாழை, பப்பாளி, முருங்கை, தரையிலிருந்து உயரத்தில் காய்க்கிறவற்றுக்கு மட்டும், அதுவும் குழி தோண்டிப் புதைத்து. கத்திரி, வெண்டை, புடலைக்கு அடுப்படிக் கழிவில் போட்ட உரம், காசிமேட்டு மீன் கழிவில் சம எடை வெல்லம் போட்டு ஊறவைத்த மீன் அமிலம், பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி.

சிறுநீரை ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து ஊற்றலாம் என்பது உண்மைதான். நானும் போர் தண்ணீரில் கலந்து கத்திரிக்கு ஊற்றினேன், பத்தே நாளில் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. மீஞ்சூரிலிருந்து இந்தக் கரை நெடுக நிலத்தடியில் கடல்நீர் ஏறிய இடம், தண்ணீரே உப்பு, சிறுநீரிலும் உப்பு, செடி என்ன செய்யும்? இப்போது மழைநீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கும் மாதங்களில் மட்டும், வாழைக்கு.

கட்டுவதாக இருந்தால் தை, மாசியில் ஆரம்பியுங்கள். ஊற்று இறங்கியிருக்கும், அஸ்திவாரம் தோண்டத் தண்ணீர் இறைக்க வேண்டியிருக்காது, சுவர் காய்ந்து கோடையிலேயே புழக்கத்துக்கு வந்துவிடும்.