15 லட்சம் கடனா, மாதம் 99 ரூபாயா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் பி.யு.சி. (நம் பிளஸ் டூ மாதிரி) முடித்துவிட்டாள். வயலின் வாசிக்கிறாள், சொந்தமாகப் பாட்டும் கட்டுகிறாள். கர்நாடகத் தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கான காமெட்கே நுழைவுத் தேர்வில் ரேங்க் கைகொடுக்கவில்லை. 15 லட்சம் கடன் வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்த்துவிடலாம் என்கிறார் சித்தப்பா. மகளோ, "ஆயிரம் ரசிகர்கள் மாதம் 100 ரூபாய் கொடுத்தால் லட்ச ரூபாய். எனக்கு எதற்கு டிகிரி?" என்கிறாளாம்.

அம்மா, கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டு பேர் கணக்கும் தப்பு.

முதலில் சித்தப்பாவின் கணக்கு. 15 லட்சம், 10 சதவீத வட்டி, 7 வருடத் தவணை என்றால் மாதம் சுமார் 24,900 ரூபாய். படிக்கிற காலத்தில் ஏறும் வட்டி தனி. கோடிங் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க, அந்தத் தவணைக்காகவே ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் நிலைக்கு அவளைத் தள்ளாதீர்கள். முன்பணம் கட்ட வேண்டாம். சொந்தக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்பது தவணையில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. மதியத்தோடு வகுப்பு முடிகிற அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.காம். போதும். வரவு செலவு எழுதவும் வரி கட்டவும் தெரிவது பாட்டுக்காரிக்கும் வேண்டியதுதான். படிப்பைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி மகளின் கணக்கு. ரசிகர்கள் மாதாமாதம் கட்டும் சந்தா வீட்டை நடத்தாது, ஆனால் பாட்டை நடத்தும். ஆயிரத்தை மறந்துவிட்டு 100 பேரிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.

100 பேர், ஆளுக்கு 99 ரூபாய், ஆக 9,900. சொந்த இணையப் பக்கத்தில் பேமென்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) வைத்து வசூலித்தால் கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 9,666 நிற்கும். அதே 100 பேர் யூடியூப் மெம்பர்ஷிப்பில் சேர்ந்தால் அவளுக்கு 70 சதவீதம்தான், அதாவது 6,930. ரசிகர்களிடம் மாதச் சந்தா வாங்கித் தரும் வெளிநாட்டுத் தளமான பேட்ரியான், புதிதாகச் சேரும் கலைஞர்களிடம் 10 சதவீதம் எடுக்கிறது, பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. அதன் ஐபோன் செயலிக்குள்ளேயே ஒரு ரசிகர் சேர்ந்தால் ஆப்பிளின் பங்கு 30 சதவீதம் வரை போகும். அதனால் இணைப்பை பிரவுசரில் திறந்து சேரும்படி ரசிகர்களிடம் சொல்ல வேண்டும்.

பலர் சறுக்குவது வசூலில்தான். 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி மாதாமாதம் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு முன் அனுமதி பதிவாக வேண்டும், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு தகவலும் போக வேண்டும். வெளிநாட்டுத் தளங்களில் நம் ஊர் கார்டுகள் முதல் மாதம் ஓடிவிட்டு இரண்டாம் மாதம் நின்றுபோவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆகவே இரண்டு வாசல் வையுங்கள். இங்கே இருப்பவர்களுக்கு யுபிஐ ஆட்டோபே (ஒருமுறை அனுமதித்தால் மாதாமாதம் தானாகப் பிடிக்கும் வசதி); சிங்கப்பூர், நியூஜெர்சி சொந்தங்களுக்கு பேட்ரியான் அல்லது பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்ப். பேபால் 2021 ஏப்ரல் முதல் இந்தியாவுக்குள் பணம் வாங்கித் தருவதில்லை, வெளிநாட்டு வரவுக்கு மட்டும்தான். கேட்வே கணக்கை 18 வயது முடிந்தபின் அவள் பெயரிலேயே, அவள் பான் எண்ணிலேயே திறந்துவிடுங்கள்.

ராமநவமி, கணேச சதுர்த்தி சமயத்தில் அபார்ட்மென்ட் கச்சேரிகளுக்குக் கூப்பிடுவார்கள். மேடை ஓரத்தில் சாதாரண யுபிஐ க்யூஆர் வைத்தால் ஒருமுறை 99 விழும், அவ்வளவுதான். ஆட்டோபே பக்கத்தைத் திறக்கும் க்யூஆர் வேண்டும். இந்தக் கச்சேரிகளை விடக் கூடாது. மாதம் 5 சதவீதம் பேர் விலகினால், புதிதாக யாரும் சேராதபோது 100 பேர் ஒரு வருடத்தில் 54 ஆகிவிடுவார்கள்.

கொடுப்பது என்ன? மாதம் ஒரு பாட்டுப் பதிவு, ஒரு 40 நிமிட நேரலை, ஸ்வரக் குறிப்பு. எல்லோருக்கும் ஒரே கட்டணம், ஒரே சலுகை. 99 ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் தனிப்பாடம் சொல்லித்தர ஒத்துக்கொள்ளவே கூடாது. தொடங்கும்போதே இரண்டு பதிவுகள் கையிருப்பில் இருக்கட்டும். தேர்வு மாதத்தில் சந்தாவை நிறுத்தி வைத்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். எதுவும் கொடுக்காமல் பணம் மட்டும் பிடித்தால்தான் கோபம்.

சினிமாப் பாட்டு கவர்கள் (ஏற்கெனவே வந்த பாட்டைத் தன் குரலில் பாடிப் பதிவது) இதற்குள் வரக் கூடாது. கவர் பதிவுகளுக்கு வழிவிடும் காப்புரிமைச் சட்டம் 31சி பிரிவின் வழியே போனால் குறைந்தது 50,000 பிரதிகளுக்கான ராயல்டி கட்ட வேண்டும். தியாகராஜர், தீட்சிதர், பாரதியார் யாருக்கும் பொது. பாபநாசம் சிவன் அப்படியில்லை: 1973-இல் மறைந்தார், அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு. மும்மூர்த்திகளைப் போலவே இவரும் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

இது நியாயமான ஏற்பாடுதானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரசிகர் தரும் 99-இல் 96 பாடுபவரிடம் வருவது நியாயம்தான். கூட வாசிக்கும் மிருதங்கப் பையனுக்கு அதில் என்ன போகிறது என்பதுதான் கேள்வி. ஒரு பதிவுக்கு அவனுக்கு 3,000, மிக்ஸிங்குக்கு (ஒலிகளைச் சேர்த்துச் சீராக்கும் வேலைக்கு) 2,000 என்று வைத்தால் 9,666-இல் மிச்சம் 4,666. அந்த ஒரே பதிவு வருடம் முழுக்க ஆட்களை இழுத்துக்கொண்டிருக்கும்போது அவனுக்கு ஒருதடவை 3,000 மட்டும் என்பது சரியில்லை. அவன் வாசித்த பதிவு பக்கத்தில் இருக்கும்வரை மிச்சத்தில் 10 சதவீதம் என்று முன்கூட்டியே எழுத்தில் போட்டுக்கொள்ளட்டும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும்.

ஆறு மாதத்தில் 40 பேர்கூடச் சேரவில்லை என்றால் கட்டணத்தை 49 ஆக்காதீர்கள். 99 கொடுக்காதவர் பெரும்பாலும் 49-ம் கொடுக்க மாட்டார். பொதுவில் போடும் பாட்டுகளை மாதம் இரண்டாக்கி இன்னும் ஆறு மாதம் பாருங்கள். அப்போதும் நகரவில்லையா, சந்தாவை மூடிவிட்டுக் கச்சேரியை மட்டும் தொடரட்டும். அதற்குள் பி.காம். முதல் வருடம் முடிந்திருக்கும், கடன் ஒரு ரூபாயும் இருக்காது.