முதலில் எண்ணிக்கை, அப்புறம்தான் அபாஸ்ட்ரபி

கேள்வி: ஆங்கிலத்தில் விலங்குப் பெயர்களைப் பன்மையாக்கும்போதும், 'உடைய' என்ற பொருளில் அபாஸ்ட்ரபி (') குறி போடும்போதும் என் மகள் குழம்பிப்போகிறாள். எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் மகள் தடுமாறும் இடத்தில்தான் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் தடுமாறுகிறார்கள். காரணம் காது. பறவைகள், ஒரு பறவையின், பல பறவைகளின் என்று தமிழில் மூன்றும் வேறு வேறாக ஒலிக்கின்றன. ஆங்கிலத்தில் மூன்றுமே 'பேர்ட்ஸ்'தான். எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். அதனால் வாயால் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் பயனில்லை, எழுதித்தான் பழக வேண்டும்.

நான் எப்போதும் கொள்ளுக்குடிப்பட்டியில் தொடங்குவேன். வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். "கூடு ஒரு பறவையுடையதா, பல பறவைகளுடையதா?" என்று கேட்பேன். ஒன்று என்றால் 'பேர்ட்' என்று எழுதி, அபாஸ்ட்ரபி வைத்து, எஸ் போட வேண்டும். பல என்றால் முதலில் 'பேர்ட்ஸ்' என்று பன்மையை முழுதாக எழுதிவிட வேண்டும். அது எஸ்-இல் முடிவதால் கடைசியில் அபாஸ்ட்ரபி மட்டும் போதும்.

பன்மை எஸ்-இல் முடியாவிட்டால்? அப்போது அபாஸ்ட்ரபியும் எஸ்ஸும் இரண்டும் வேண்டும். இதற்குச் சிராவயல் மஞ்சுவிரட்டுதான் என் உதாரணம். அங்கே ஓடும் காளை 'புல்', பன்மை 'புல்ஸ்'. வண்டி இழுக்கும் மாடு 'ஆக்ஸ்', பன்மை 'ஆக்ஸன்'. பழைய ஆங்கிலத்தில் இப்படி 'என்' சேர்த்துப் பன்மையாக்கும் வழக்கம் இருந்தது, அதில் மிஞ்சிய சொல் இது. மஞ்சுவிரட்டுக் காளைகளின் கொம்பு என்றால் 'புல்ஸ்' எழுதிக் குறி மட்டும். வண்டி மாடுகளின் கொம்பு என்றால் 'ஆக்ஸன்' எழுதிக் குறியும் எஸ்ஸும். எலியான 'மவுஸ்' பன்மையில் 'மைஸ்', வாத்து இனத்து 'கூஸ்' பன்மையில் 'கீஸ்'. காதுக்கு எஸ் மாதிரி கேட்டாலும் எழுத்தில் இரண்டும் 'இ' (e) என்ற எழுத்தில் முடிவதால், இவற்றுக்கும் இதே கணக்குதான். கன்றுக்கு 'காஃப்' என்பது 'காவ்ஸ்' ஆகிறது. அது எஸ்-இல் முடிகிறது, குறி போதும்.

'ஷீப்', 'டீர்' பன்மையிலும் மாறாது என்றால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். இது நமக்குப் புதிதே இல்லை. "சந்தையில் பத்து ஆடு வாங்கினேன்" என்றுதானே பேசுகிறோம்? 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டும் சரி என்று நன்னூலே இடம் தருகிறது, பால்பகா அஃறிணை என்று. ஒன்றா பலவா என்பதை வினை சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்திலும் 'ஷீப்' பக்கத்தில் 'ஈஸ்' வந்தால் ஒன்று, 'ஆர்' வந்தால் பல. ஆட்டின் காது, ஆடுகளின் காது இரண்டுக்கும் 'ஷீப்'போடு குறியும் எஸ்ஸும்தான்.

ஒரு இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். கீரி 'மங்கூஸ்'. அதைக் 'கூஸ்' மாதிரி நினைத்து 'மங்கீஸ்' என்று எழுதிவிடுவார்கள். அது மராத்தியிலிருந்து போன சொல், அந்த வாத்துக்கும் இதற்கும் உறவே கிடையாது. பன்மை 'மங்கூஸஸ்'.

நாளைக்கு மகளிடம் 'கீரிகளின் வால்' என்று எழுதச் சொல்லிப் பாருங்கள். பன்மையை முழுதாக எழுதி, கடைசி எழுத்தைப் பார்த்து, குறியை மட்டும் வைத்தாள் என்றால் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.